நெடுந்தீவுக் குதிரைகள்

பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் 'டெல்ஃப்ட்' என்றால், மேல்படிப்புக்குப் போகிற நெதர்லாந்துப் பல்கலைக்கழகத்தைத்தான் நினைப்பார்கள். அதே பெயரில் பாக் நீரிணையில் ஒரு தீவு இருக்கிறது. நம்மவர்களுக்கு அது நெடுந்தீவு.

பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரம். மலை இல்லை, ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறை, பனை, புல்வெளி, அவ்வளவுதான். வேலிகூடப் பவளக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கியதுதான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெருக்கமரம் ஒன்றும் உண்டு. அடிமரப் பொந்துக்குள் ஆள் நுழையலாம். அதன் உறவினரைப் பார்க்க நாம் கடல் தாண்ட வேண்டாம், ஹாவேரி மாவட்டத்து சவணூருக்குப் போனால் போதும்.

போர்த்துகீசியர் இதைப் பசுக்களின் தீவு என்றார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், சுற்றியுள்ள தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆனது! மற்றப் பெயர்கள் உதிர்ந்துவிட்டன, டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது.

குதிரை வளர்க்க இதைவிடத் தோதான இடம் ஏது? மேய்ச்சலுக்குப் புல், வேலிக்குக் கடல். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அந்தப் பண்ணையை நடத்தினார். பிறகு பண்ணை போயிற்று, குதிரைகள் தங்கின. இன்றைய மந்தைகள் அவற்றின் வழிவந்தவை என்கிறார்கள்.

காவிரித் தண்ணீர் ஒரு நாள் வராவிட்டால் டேங்கருக்கு போன் போடுகிறோம். அங்கே பல கிணறுகளில் உப்பு. கடும் வறட்சியில் குதிரைகள் தாகத்தில் சாகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அறிவிப்பு குதிரையின் தாகத்தைத் தீர்க்காதே!

மனிதர்கள் பட்டதையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1985 மே 15 அன்று, தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகைக் கடலில் மறித்து 20க்கும் மேற்பட்ட தமிழர்களை வெட்டிக் கொன்றார்கள். கடற்படையினரே செய்தார்கள் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். போரும் பிழைப்புமாக எத்தனையோ குடும்பங்கள் வெளியேறிவிட்டன. கல்வேலிகள் நிற்கின்றன, உள்ளே வீட்டுக்காரர்கள் இல்லை. ஊரைவிட்டு வந்த நமக்கு இது புரியும்.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் நல்லூரோடு திரும்பிவிடாதீர்கள். காலைப் படகில் போய்ப் பிள்ளைகளுக்குக் குதிரைகளைக் காட்டுங்கள், குமுதினியின் கதையையும் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று இறங்கியதுமே கேட்டுவிடுங்கள்.