நால்வர் வகுத்த நான்கு விதிகள்

பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் செயலிழந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் காலையில் ஒருவர் வந்து அவர் கையைத் தூக்கியும் மடக்கியும் பயிற்சி அளிக்கிறார். சொந்த ஊராயின், வருகிறவர் இன்னார் மகன், இன்னாரிடம் தொழில் கற்றவர் என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொள்வோம். தில்லியிலோ நாகபுரியிலோ கொல்கத்தாவிலோ குடியேறி வாழும் நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் காட்டும் சான்றிதழையும், அதன் பின்னே நிற்கும் ஒரு சங்கத்தையோ சட்டத்தையோ நம்பித்தான் பெற்றோரின் உடலை அவரிடம் ஒப்படைக்கிறோம். பிறர் உடலைத் தொட்டுச் செய்யும் ஒரு தொழிலுக்கு இந்த நம்பிக்கை எவ்வாறு வாய்த்தது? விடை தேடின், 1894ஆம் ஆண்டின் இலண்டன் மாநகருக்குச் செல்லவேண்டியிருக்கிறது.

இன்று பிசியோதெரபி என்றும் இயன்முறை மருத்துவம் என்றும் வழங்கும் தொழிலுக்கு அக்காலத்தில் அப்பெயர் இல்லை. தசைகளைப் பிடித்தும் உருவியும் தட்டியும் செய்த சிகிச்சையை மசாஜ் என்றே அழைத்தனர். அதன் பயனை மருத்துவர் பலர் ஒப்பினர். செவிலியர் பலர் அதனைக் கற்றுப் பிழைத்தனர். ஆயின், அதே பெயரைப் பலகையில் எழுதி மாட்டி, உள்ளே வேறு வாணிகம் நடத்திய விடுதிகளும் நகரில் பெருகியிருந்தன. 1894இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் மருத்துவ ஏடு இவற்றை அம்பலப்படுத்தியது. பயிற்சிக்குப் பணம் கட்டிக் கடனாளியாகி, வேறு வழியின்றி அவ்விடுதிகளில் சிக்கிய ஏழைப் பெண்களின் நிலையும் அப்போது பேசப்பட்டது. குற்றம் சிலருடையது, பழியோ தொழில் முழுவதன்மேலும் விழுந்தது. நேர்மையாக உழைத்த செவிலியரும் தம் தொழிலின் பெயரைச் சொல்ல நாக்கூசும் நிலை வந்தது.

அந்த ஆண்டிலேயே லூசி ராபின்சன், ராசலிண்ட் பாஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பாமர் ஆகிய நான்கு பெண்மணிகள் கூடிப் பயிற்சி பெற்ற மசாஜ் பணிப்பெண்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். செவிலியராயும் மருத்துவச்சியராயும் பணியாற்றியவர்கள் அவர்கள். பக்கிங்காம் தெருவில் இருந்த மருத்துவச்சியர் கழகமே அவர்கள் கூடிய இடம்.

அவர்கள் வகுத்த விதிகள் நான்கு. மருத்துவரின் பணிப்பின்றி எவருக்கும் சிகிச்சை செய்தலாகாது. ஆடவர்க்கு உடல் முழுதும் மசாஜ் செய்தலாகாது. அவசர வேளையிலும், செவிலியாய்ப் பராமரிக்கும் நோயாளியிடத்தும், மருத்துவர் தனியே கேட்டுக்கொண்டால் மட்டும் விலக்கு உண்டு. மருத்துவ ஏடுகளிலன்றி வேறெங்கும் விளம்பரம் செய்தலாகாது. நோயாளிகளுக்கு மருந்து விற்றலாகாது.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட எமக்கு, எதிக்ஸ் என்னும் சொல் எதிர்ப்படும்போதெல்லாம் ஒரு தயக்கம். அறம் என்றால் மிகப் பெரிதாகிவிடுகிறது. நடத்தை விதி என்றால் சிறுத்துப்போகிறது. இந்நான்கும் இரண்டுக்கும் நடுவே நிற்பவை. இரண்டாவதும் மூன்றாவதும் இழிபெயர் பெற்ற விடுதிகளிலிருந்து தம்மைப் பிரித்துக்காட்ட எழுந்தவை. நான்காவது, அடுத்தவர் தொழிலில் கைவைக்கமாட்டோம் என்னும் உறுதிமொழி. உயிர்நாடி முதல் விதியே. மருத்துவர்களின் குடைக்கீழ் ஒதுங்கினாலன்றி அந்தப் பழியிலிருந்து தப்ப இயலாதென அப்பெண்கள் கண்டுகொண்டனர். அது கூரிய மதி என்றே நாம் கருதுகிறோம். எனினும் அதற்கு விலை இருந்தது: தம் கைத்திறனைப் பற்றித் தாமே தீர்ப்புச் சொல்லும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுத்தனர்.

விதியோடு தேர்வும் வந்தது. தேறியவர்க்கே சான்றிதழ். 1900இல் சங்கம் சட்டப்படி பதிவாயிற்று. 1914இல் மூண்ட பெரும்போர் இரண்டாம் விதியைப் பொருளற்றதாக்கியது. கைகால் முடங்கி வந்த போர்வீரர்களைத் தொடமாட்டோம் என்று யார்தான் சொல்ல இயலும்? கண்ணிழந்த வீரர்களுக்கே இத்தொழில் கற்பிக்கப்பட்டதும் அக்காலத்தில்தான். 1920இல் அரச சாசனம் கிடைத்தது, ஆடவரும் உறுப்பினராயினர். 1940களில் மசாஜ் என்னும் சொல் பெயரிலிருந்தே நீங்கிப் பிசியோதெரபி குடியேறியது. 1951இல் கோபன்கேகனில் 11 நாடுகளின் சங்கங்கள் கூடி உலகக் கூட்டமைப்பை நிறுவின.

நம் நாட்டில் இத்தொழில் பள்ளியாக உருப்பெற்றது ஒரு துயரத்திலிருந்து. 1952இல் அந்நாளைய பம்பாயில் இளம்பிள்ளைவாதம் பரவிற்று. அடுத்த ஆண்டே, மாதுங்காவில் வாழும் நம்மவர் நன்கறிந்த பரேல் கே.இ.எம். மருத்துவமனையில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1955இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் பிறந்தது. ஆனால் சங்கத்தின் கை எட்டுவது தன் உறுப்பினர் வரையில்தான். தவறிய உறுப்பினரை நீக்கலாம். உறுப்பினரே அல்லாத ஒருவர் தெருமுனையில் பலகை மாட்டுவதைத் தடுக்க அதற்கு அதிகாரமில்லை. பிரிட்டன் 1960இல் அரசுப் பதிவேட்டுக்கான சட்டம் இயற்றியது. இங்கோ, தில்லி 1997இலும் மகாராஷ்டிரம் 2002இலும் தத்தம் மன்றங்களுக்குச் சட்டம் செய்தன. நாடு முழுமைக்கும் பொதுவான ஏற்பாடு அப்போது இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழ்வோர்க்கு இக்குறை எத்துணைத் தொல்லை என்பதை விளக்கவேண்டியதில்லை.

இதற்கிடையே முதல் விதியின் கட்டும் தளர்ந்தது. மருத்துவர் அனுப்பினாலன்றிச் சிகிச்சை இல்லை என்பதைத் தன் நெறிகளுள் முதலாவதாகக் கொண்டிருந்த ஆஸ்திரேலியச் சங்கம், 1976இல் அதனை நீக்கியது. பெரும் விவாதம் எழுந்தது. 1978இல் உலகக் கூட்டமைப்பும் நேரடிச் சிகிச்சைக்கு இடமளித்தது. நோயாளியின் நோயைத் தாமே ஆராய்ந்து முடிவுசெய்யும் கல்வி வந்தபின், பணிப்புக்குக் காத்திருத்தல் நெறியாகுமா, நெறியிலிருந்து ஒளிந்துகொள்வதாகுமா என்பதே கேள்வி. மருந்து விற்காதே என்றவர்களின் வழிவந்தோர் 2013இல் பிரிட்டனில் மருந்து எழுதித்தரும் உரிமையும் பெற்றனர். எழுதித்தருவது வேறு, விற்பது வேறு என்பதை நேயர்கள் மறவாதிருக்க வேண்டும்.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இத்தகைய தொழில்களுக்கெனத் தேசிய ஆணையச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கல்வித் தரத்தோடு, தொழில் நடத்தையும் நெறியும் அவ்வாணையத்தின் பொறுப்பாயின. பட்டப்படிப்பே குறைந்த அளவுத் தகுதி எனவும், இயன்முறை மருத்துவர் தனித்தும், பிற மருத்துவத் துறையினர் குழுவோடு இணைந்தும் தொழில் செய்யலாம் எனவும் சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. தனித்தும் என்னும் அந்த ஒரு சொல்லை எழுதும் துணிவு 1894இல் அந்த நால்வர்க்கு இருந்திருக்க இயலாது.