மரத்துப்போன காலும் வேலூர் தந்த பாடமும்



மரத்தல், மறத்தல் – ஓர் எழுத்துதான் வேறுபாடு. முன்னது உணர்விழத்தல், பின்னது நினைவிழத்தல். இனிப்புநீர் உள்ளவர் வாழ்க்கையில் இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. மரத்துப்போன காலை மனிதன் மறந்துவிடுகிறான். இதன் ஆபத்தை உலகம் புரிந்துகொண்டதில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

வகை ஒன்று இனிப்புநீர் பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கும். இதில் உடல் இன்சுலினைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். 1922 ஜனவரியில் டொரோண்டோ நகரில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் இந்நோய் வந்த பிள்ளைகள் நீண்ட நாள் பிழைப்பது அரிது. இன்சுலின் அவர்களின் ஆயுளைக் கூட்டியது. ஆனால், பல ஆண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை கூடியே நின்றால் நரம்பு கெடும். உடலின் நீளமான நரம்புகள் பாதம் வரை போவதால், பாதிப்பு கால்விரல்களில்தான் முதலில் தெரியும். கெட்ட நரம்பு பொய்ச் செய்தியும் அனுப்பும். மெய்ச் செய்தியையும் விட்டுவிடும். "ராத்திரியெல்லாம் கால் எரியுதுங்க" என்பவருக்கே ஆணி குத்தினது தெரியாமல் போவது இதனால்தான்.

இனி வேலூருக்கு வருவோம். கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் உதிர்ந்துவிடும் என்று அப்போது பலரும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளின் புண்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். சூடான பாத்திரம், கூரான கருவி, பொருந்தாத செருப்பு என்று ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. தூங்கும்போது எலி கடித்தும் சிலர் விரலை இழந்தார்கள். வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவே இல்லை! பிறகு அவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். நோய் உணர்வைத்தான் பறிக்கிறது. உறுப்பை அழிப்பது கவனிக்கப்படாத காயம் என்பதே பிராண்டின் முடிவு. காலில் அழுத்தம் குறைய மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்புகளும் வந்தன.

1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே, இனிப்புநீர் நோயாளிகளின் மரத்த கால்களிலும் இதே கதைதான் நடக்கிறது என்று கண்டார். தொழுநோயாளிகளுக்குப் பயன்பட்ட மாவுக்கட்டும் தகுந்த காலணியும் இவர்களின் புண்ணையும் ஆற்றின. இன்று கிளினிக்கில் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனை பரவியதிலும் கார்விலுக்குப் பங்கு உண்டு.

நரம்பு கெடுவதைத் தடுக்க முடியுமா? வகை ஒன்று நோயாளிகள் 1,441 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு 1993இல் விடை சொன்னது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களிடம் நரம்புப் பாதிப்பு சுமார் 60 விழுக்காடு குறைந்தது.

நம் மலாக்காவில் இதற்கு என்ன பொருள்? மாசி மகத்தில் செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு வெறுங்காலோடு நடப்பவர்கள் பத்து பெரண்டாம் வட்டாரத்திலும் உண்டு. வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை சுடும்போது நல்ல கால் தானாக விலகும். மரத்த கால் விலகாது. பக்தியைக் குறை சொல்லவில்லை. கால் மரத்தவர் செருப்போடு நடப்பது தெய்வக் குற்றம் ஆகாது என்று வீட்டில் பெரியவர்களிடம் நாம்தான் எடுத்துச் சொல்லணும்.

வகுப்பில் இன்சுலின் போடும் மாணவர் இருந்தால், திடலில் அவரைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள். மாணவர்களே, தாத்தா பாட்டிக்கு இனிப்புநீர் இருந்தால், தினமும் படுக்கப்போகும் முன் அவர்களின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துவிடுங்கள். வகை ஒன்று நோய் தொடங்கி 5 ஆண்டு ஆனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனை செய்துகொள்ளணும். வலி சொல்லாததைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.