விக்டோரியா பொது மண்டபம்

விக்டோரியா பொது மண்டபம் என்பது சென்னையில் ரிப்பன் கட்டிடத்துக்கும் சென்ட்ரல் தொடருந்து நிலையத்துக்கும் இடையே அமைந்துள்ள பழமையான கூட்ட மண்டபம் ஆகும். நகர மக்கள் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டுமென நன்கொடை திரட்டி 1880களில் இது எழுப்பப்பட்டது. 1887-இல் நிகழ்ந்த விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழா நினைவாக இப்பெயர் பெற்றது.

கட்டிடக்கலை

இதனை வடிவமைத்தவர் இராபர்ட் பெல்லோசு சிசோம்; கட்டியவர் நம்பெருமாள் செட்டி. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டது. இந்தோ-சரசனிக் பாணி என வகைப்படுத்தப்பட்டாலும், அச்சொல் இக்கட்டிடத்தை முழுமையாக விளக்குவதில்லை. சதுரக் கோபுரம் இத்தாலிய முறையிலானது. அதன் கூம்புக் கூரையோ திருவிதாங்கூர்க் கட்டிடங்களை நினைவூட்டுகிறது. வடக்கிலும் தெற்கிலும் உள்ள வளைவுத் தாழ்வாரங்களைக் கொரிந்தியத் தூண்கள் தாங்குகின்றன. கூரை விளிம்பில் சுடுமண் அலங்காரம் உள்ளது. தரைத்தளம், மேல்தளம் ஆகிய இரண்டிலும் பெரிய கூடங்கள் உள்ளன. மேல்தளத்தின் கிழக்குப் பகுதியில் மரத்தாலான மாடமும் அமைக்கப்பட்டது.

பயன்பாடு

1896-இல் இங்குத் திரைப்படக் காட்சி நடத்தப்பட்டது. சென்னையில் நடந்த முதல் காட்சிகளுள் இதுவும் ஒன்று. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கு உரையாற்றினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையும் இங்கு நாடகங்களை நடத்தியது. பின்னர் பல ஆண்டுகள் மண்டபம் பயன்பாடின்றிப் பழுதுற்றுக் கிடந்தது. 2023-இல் சென்னை மாநகராட்சி சீரமைப்புப் பணியைத் தொடங்கியது.