தலைமுறை கடந்த கீர்த்தனை: தஞ்சைச் சாஸ்திரியார் குடும்பத்தின் சமய மரபு

பினாங்கு ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை முன்னாளில் பிட் தெரு என வழங்கினர். அச்சாலையின் ஒரு முனையில் 1818இல் கட்டி முடிக்கப்பெற்ற புனித ஜார்ஜ் தேவாலயம் உள்ளது. அதனைக் கடந்து செல்வோர் குவான் இன் சீனக் கோயிலையும், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலையும், 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் அடுத்தடுத்துக் காண்பர். நான்கு சமயங்களின் வழிபாட்டிடங்கள் நடந்து செல்லும் தொலைவுக்குள் அமைந்திருப்பதை வியவாதார் இலர்.

இவ்விடங்கள் எவ்வாறு நிலைபெற்றன என்பதற்கு ஆவணங்கள் விடை கூறும். கம்பெனி அளித்த நிலம், வணிகர் ஈந்த பொருள், வக்ஃபு சொத்து, அறக்கட்டளை ஆகியன அவற்றைத் தாங்கின. அச்சொத்துகளின் மேலாண்மையை ஒழுங்குபடுத்த நீரிணைக் குடியேற்ற அரசு 1905இல் முகமதிய, இந்து அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றிற்று. ஆனால் கட்டடத்தை வழிவழியாக ஒப்படைப்பது வேறு. அதனுள் நிகழும் வழிபாட்டின் பொருளை வழிவழியாக ஒப்படைப்பது வேறு. பின்னதற்குப் பத்திரம் எழுத இயலாது. அது வீட்டில் நிகழ்கிறது. பெரும்பாலும் தாய்மொழியில் நிகழ்கிறது. இதனை ஆராய்வதற்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குடும்பத்தின் வரலாற்றினும் தக்க சான்று தமிழ்க் கிறித்தவத்தில் அரிது. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு என்பதை முதற்கண் குறித்தல் நன்று.

சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். அவர்தம் தந்தை அருணாசலம் பிள்ளை கிறித்தவம் தழுவித் தேவசகாயம் என்னும் பெயர் பூண்டவர்; தாமும் கவிபாட வல்லவர். ஆக, இக்குடும்பத்தில் விசுவாசமும் பாட்டும் ஒரே தலைமுறையில் ஒன்றாகவே குடிபுகுந்தன. செருமானியக் குருவாகிய சுவார்ட்ஸ் ஐயர், ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்த வேதநாயகத்தைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று தம் மாணாக்கராக்கினார். பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசியும் அவரிடம் பயின்றவரே. சுவார்ட்ஸ் மணம் செய்துகொள்ளாதவர். எனினும் இக்குடும்பத்தின் சமய வரலாற்றில் அவருக்கு மூதாதையின் இடம் உண்டு. வழிவழி வரும் நம்பிக்கை குருதியுறவால் மட்டும் வருவதன்று என்பதற்கு இது முதற்சான்று.

சாஸ்திரியார் கையாண்ட முறை எளியது. தமிழர் ஏற்கெனவே அறிந்திருந்த இலக்கிய வடிவங்களில் வேதப்பொருளைப் பெய்தார். 1800ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய அவரது பெத்லகேம் குறவஞ்சி, திருக்குற்றாலக் குறவஞ்சி முதலியவற்றின் நெறியில் நடப்பது. அதனுள் விண்கோள்களைப் பற்றிய புதிய ஐரோப்பிய வானநூற் செய்திகளும் இடம்பெற்றன. இசைவல்ல மகளார் ஞானதீபம் அம்மையாரும், மகனார் நோவா ஞானாதிக்கம் சாஸ்திரியாரும் அப்பாடல்களைத் தந்தையாரிடமே கற்றனர். ஏட்டில் உறங்கும் பாட்டு மரபாகாது. வீட்டார் நாவில் ஏறிய பின்னரே அது மரபாகும்.

இம்மரபுக்குப் பெருஞ்சோதனை 1829ஐ ஒட்டி நேர்ந்தது. தஞ்சையில் அப்போது பணியாற்றிய இளைய மிஷனெரிமார் பழைய வழக்கங்களைத் திருத்த முற்பட்டனர். சாஸ்திரியார் நான்கு கொடுமைகளென அவற்றை எடுத்துரைத்தார். பப்ரிசியுஸ் மொழிபெயர்த்த வேதாகமத்தைத் திருத்துதல், கோவிலில் தமிழ்க் கீர்த்தனையை விலக்குதல், விழாக்களில் பூவைத் தடுத்தல், சாதிவேறுபாடின்றிச் சபையோரை ஒன்றாக்குதல் என்பன அவை. இம்முரண்பாட்டால் அவர் தம் பணியை இழந்தார். பின்னர்ச் சரபோசி மன்னர் அவரை ஆதரித்தார்.

இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுதல் கூடாது. பிள்ளைப் பருவம் முதல் மனப்பாடமான வேதவாக்கியம் மாற்றப்படின் பாட்டனும் பேரனும் ஒருங்கே செபிக்க இயலாது என்னும் அவரது அச்சம் நியாயமானது. ஆனால் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கிறித்தவர்களோடு வேறுபாடின்றி அமர்தலையும் கொடுமையென்றே அவர் கருதினார். அவர் வேளாளர், அக்குலத்தின் மேட்டிமை உணர்வும் விசுவாசத்தோடு சேர்ந்தே அவ்வீடுகளில் கைமாறி வந்தது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் திருச்சபையினுள் சாதி வேறுபாடு ஒழிக என ஆணையிட்டபோது தஞ்சையில் எழுந்த எதிர்ப்பு இதனை மெய்ப்பித்தது. மரபு நல்லதையும் தீயதையும் ஒரே பேழையில் வைத்தே வழங்கும். பெறுவோரே பிரித்தறிதல் வேண்டும்.

விலக்கப்பட்ட கீர்த்தனைகளின் பிற்கால வரலாறு கருதத்தக்கது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், 1853இல் வெளியிட்ட கிறித்தவக் கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியார் பாடல்களுக்குச் சிறப்பிடம் தந்தார். செருமன், ஆங்கில மெட்டுகளைத் தழுவிய பாமாலை ஒருபுறமும், தமிழ் இராகங்களில் அமைந்த கீர்த்தனை மறுபுறமுமாகத் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் வழிபாடு இன்றளவும் இரு கால்களில் நிற்கிறது. சாஸ்திரியார் 1864இல் மறைந்த பின்னர், அவர்தம் வழியினர் சுவிசேடக் கவிராயர் என்னும் பட்டத்தோடு கதாகாலட்சேபத்தைத் தலைமுறைதோறும் தொடர்ந்தனர். குடும்பத்தார் காத்த கையெழுத்துப் படிகள் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்திலும் இடம்பெற்று ஆய்வாளருக்கு உதவுகின்றன.

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழ்க் கிறித்தவர் நிலத்தையோ கோவிலையோ கொணரவில்லை. வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையுமே கொணர்ந்தனர். மலேசியாவின் சுவிசேட லுத்தரன் திருச்சபை தமிழ் லுத்தரன் மரபினின்றும் கிளைத்ததே. இந்நாட்டில் ஆங்கிலத்திலும் மலாயிலும் செபிக்கும் இளையோர் விசுவாசம் குன்றியவர் என்று கூறுதல் தவறு. நம்பிக்கை எம்மொழியிலும் வாழும். ஆயின் பாட்டியார் முணுமுணுக்கும் கீர்த்தனையின் பொருள் பேரனுக்கு விளங்காதபோது, அவ்வீட்டில் நம்பிக்கை நின்றாலும் உரையாடல் நின்றுவிடுகிறது. அவன் அதனைப் புதிதாக வேறோரிடத்தில் கற்றல் வேண்டும். தன் வீட்டாரிடமிருந்து பெற இயலாது.

1829இல் சாஸ்திரியார் அஞ்சியது அதிகாரத்தில் இருந்தோர் சொற்களை மாற்றுவர் என்பதை. இன்று அச்சொற்களை எவரும் தடைசெய்யவில்லை. கேட்போர் மட்டுமே குறைகின்றனர். தமிழ்ப் பள்ளியில் எழுத்தறிவு பெறும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு பாட்டின் பொருளை விளக்கிச் சொல்லுதல் சிறுசெயலே. ஞானதீபம் அம்மையார் தந்தையாரிடம் கற்றதும் அவ்வாறே.