இடைசெவலில் பார்க்க என்ன இருக்கிறது?

நம் சங்கத்தின் அடுத்த ஒருநாள் பயணம் இடைசெவலுக்கு என்று சொன்னதும் நகர்வாசிகள் பலர் கேட்ட கேள்வி இது. பெரிய கோயில் உண்டா, அருவி உண்டா, பிள்ளைகள் விளையாட இடம் உண்டா என்று அடுத்தடுத்துக் கேட்டார்கள். குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடப் போகிறவர்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான். அதற்கான பதிலாகவே இந்தக் கட்டுரை.

மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையில் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று தெற்கே போனால், கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையில், சாலையை ஒட்டி வரும் சிறிய ஊர் இடைசெவல். நம் நகரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். திருநெல்வேலிக்குப் போகும்போது நம்மில் பலர் இந்த ஊரைக் கவனிக்காமலே கடந்திருப்போம். ஆனால் தமிழுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இருவர் இந்த ஒரே கிராமத்தில் வளர்ந்தவர்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, 'அன்பளிப்பு' சிறுகதைத் தொகுதிக்காக 1970ஆம் ஆண்டு விருது. இன்னொருவர் கி. ராஜநாராயணன்; 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991ஆம் ஆண்டு விருது. இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர், பால்யகால நண்பர்கள்.

இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது மண். விருதுநகரைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் நிலம் கறுக்கத் தொடங்கும். இதுதான் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் உப்பிக் களியாகி, நடப்பவர் காலில் அப்பிக்கொள்ளும். ஆற்றுப் பாசனம் கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், பயறு வகைகளை விதைக்கும் மானாவாரிச் சாகுபடி. மழை பொய்த்தால் அந்த வருஷமே போயிற்று. மழை வந்தாலும் வராவிட்டாலும் வெள்ளைக்காரன் காலத்துத் தீர்வை மட்டும் வந்துவிடும்.

கி.ரா.வின் 'கதவு' கதையைப் படித்தவர்களுக்கு இந்தத் தீர்வை என்ன செய்யும் என்பது தெரியும். ஏழைக் குடும்பம் ஒன்றின் வீட்டுக் கதவில் ஏறி நின்று, அதையே பஸ்ஸாக வைத்துப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார். கதவு போனபின் வீட்டுக்குள் வருவது குளிர் மட்டுமல்ல, மரணமும்தான். ஜப்தி என்ற சொல்லைச் சரித்திரப் புத்தகத்தில் படித்துவிட்டு மறந்துவிடலாம். இந்தக் கதையைப் படித்தவர்கள் மறப்பதில்லை.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது அந்த ஊர் மக்கள் பட்ட வரலாறு. கி.ரா.வின் வீட்டிலும் அழகிரிசாமியின் வீட்டிலும் பேசிய மொழி தெலுங்கு. நூற்றாண்டுகளுக்கு முன் தெலுங்குச் சீமையிலிருந்து தெற்கே வந்து, காட்டைத் திருத்திக் கழனியாக்கிய மக்களின் கதைதான் 1976இல் வந்த 'கோபல்ல கிராமம்'. பாட்டிமார் சொன்ன பழங்கதைகளையே அவர் நாவலாக்கினார். இடைசெவலுக்குத் தெற்கே சற்றுத் தூரத்தில் உள்ள கயத்தாற்றில்தான் 1799 அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். இடைசெவலிலிருந்து எட்டயபுரத்துக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். பாரதி பிறந்த ஊரான அங்கே 1947இல் பாரதி மணிமண்டபம் திறக்கப்பட்டபோது நம் நண்பர்கள் இருவருக்கும் இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. நாம் போகிற வழியில் இந்த மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கம் என்று பார்த்தாலே, ஒரு சின்ன ஊரின் காதில் எத்தனை கதைகள் விழுந்திருக்கும் என்பது புரியும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்: அந்த இருவரின் நட்பு.

அழகிரிசாமி 1923 செப்டம்பர் 23ஆம் தேதி பிறந்தவர். நகைத்தொழில் செய்த எளிய குடும்பம். பள்ளி இறுதிவரை படித்துச் சிறிது காலம் அரசு வேலை பார்த்தார். பிறகு சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் சேர்ந்தார். 1950களில் மலாயா சென்று 'தமிழ் நேசன்' இதழில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பினார். கி.ரா.வோ விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. நோயும் சூழலும் சேர்ந்து பள்ளிப்படிப்பைப் பாதியில் நிறுத்தின. ஊரிலேயே இருந்து சம்சாரித்தனம் பார்த்தார். விவசாயிகள் போராட்டங்களில் சேர்ந்து சிறைக்கும் போனார். ஒருவர் ஊரை விட்டுப் போனார், மற்றவர் ஊரிலேயே இருந்தார். இடையில் தபால்காரர் இருந்தார்.

புத்தகம், சங்கீதம், அரசியல், ஊர்ச்செய்தி என்று இருவரும் கடிதத்தில் பேசிக்கொண்டார்கள். அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்தார், பின்னாளில் அவை நூலாகவும் வந்தன. எழுத்தில் முதலில் பெயர் வாங்கியவர் அழகிரிசாமிதான். கி.ரா.வின் கதைகள் பரவலாகக் கவனிக்கப்பட்டது 1950களின் இறுதியிலிருந்துதான். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தது. ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இத்தனை தாமதமாக எழுத வந்ததற்கும், வந்தபின் நிற்காமல் எழுதியதற்கும் அந்தக் கடிதப் பேச்சு ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன்.

1970 ஜூலை 5ஆம் தேதி அழகிரிசாமி காலமானார். வயது நாற்பத்தாறு. அகாதெமி விருது அவர் மறைவுக்குப் பிறகுதான் வந்தது. கி.ரா. அதன்பின் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். கரிசல் மண்ணின் பேச்சுமொழியைத் தயக்கமில்லாமல் ஏட்டில் ஏற்றினார். படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய சொற்களை ஊர் ஊராகச் சேகரித்து வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றை உருவாக்கினார். பட்டம் எதுவும் இல்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டச் சொன்னது. 2021 மே 17ஆம் தேதி புதுச்சேரியில் மறைந்தார். உடல் இடைசெவலுக்கு வந்தது. அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. கோவில்பட்டியில் அரசு அவருக்கு நினைவரங்கம் எழுப்பியிருக்கிறது. நம் பயணத்தில் அதையும் பார்க்கலாம்.

அவருக்குப் பின்னும் அந்தச் சரடு அறுந்துவிடவில்லை. கோவில்பட்டி வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த பூமணி 2014இலும், சோ. தர்மன் 2019இலும் அகாதெமி விருது பெற்றார்கள். விளைச்சல் குறைந்த மண்ணில் எழுத்து இப்படி விளைந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. முன்னே போனவர் பின்னே வருபவருக்குப் புத்தகம் கொடுத்தார், எழுதச் சொன்னார், எழுதியதைப் படித்தார்.

பயணத்துக்கு வருகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, புறப்படும் முன் இரண்டு கதைகளையாவது படித்துவிடுங்கள். ஒன்று மேலே சொன்ன 'கதவு'. மற்றது அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. ஒரு தீபாவளி நாளில், ஏழை வீட்டுக்கு வந்து சேரும் அநாதைச் சிறுவனின் கதை அது. பெரியவர்கள் உரக்கப் படித்தால் பிள்ளைகள் கேட்பார்கள். படிக்காமல் போனால் இடைசெவல் இன்னொரு சாலையோர ஊராகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் கரிசலைப் பச்சையாகப் பார்க்கலாம் என்பதால் பயணத்தை அந்த மாதங்களில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, நம் வீடுகளைப் பற்றியது. நம் நகரில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்கள். பரண் மேலே தகரப் பெட்டியில் அப்பா எழுதிய இன்லண்ட் கடிதங்கள், அண்ணன் ராணுவத்திலிருந்து போட்ட கார்டுகள், கல்யாணச் செலவுக் கணக்கு நோட்டு என்று ஏதாவது கிடக்கும். வீடு மாற்றும்போதும் இடித்துக் கட்டும்போதும் இவைதாம் முதலில் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. கி.ரா. அப்படிப் போட்டிருந்தால் அழகிரிசாமியின் அந்தக் குரல் நமக்குக் கிடைத்திருக்காது. எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் படியுங்கள். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால், அவர்கள் மட்டும் சொல்லுகிற, பேரப்பிள்ளைகளுக்குப் புரியாத சொற்களைப் பொருளோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். போகும் இரண்டு மணி நேரமும் பஸ்ஸில் அவற்றைப் படித்துக்கொண்டே போகலாம். சேர்ந்த சொற்களை அடுத்த இதழில் வெளியிடுவோம்.