காவல்காரனைச் சோதித்தவர்கள் - ஆன்டி வைரஸ் ஒப்பீட்டின் கதை

போன மாதம் அத்தை வீட்டில் புதிதாக ஒரு மடிக்கணினி வாங்கினார்கள். வாங்கிய கையோடு எனக்குத் தொலைபேசி வந்தது. “தம்பி, இதுக்கு எந்த ஆன்டி வைரஸ் போடறது? கடைக்காரர் ஒண்ணு சொல்றார். நெட்டுல பாத்தா பத்துப் பேர் பத்து சொல்றாங்க.”

அந்தக் கணினியில்தான் அத்தையின் வங்கிக் கணக்கும், மாமா எடுத்த குடும்பப் புகைப்படங்களும் இருக்கப் போகின்றன. வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. இரண்டு நாள் டைம் கேட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். வைரஸ்களின் கதையை விட, வைரஸ் எதிர்ப்பு மென்பொருட்களைச் சோதித்தவர்களின் கதை சுவையாக இருந்தது. அதைத்தான் இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

முழுமையான காவல் கிடையாது

ஐபிஎம் பிசி கணினிகளில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெயின்', 1986ல் பாகிஸ்தானின் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதியது. அடுத்த ஆண்டே ஆன்டி வைரஸ் வியாபாரமும் தொடங்கி விட்டது. ஆனால் அதற்கும் முன்பே, 1984ல், ஃப்ரெட் கோஹன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு முக்கியமான உண்மையைத் தன் கட்டுரையில் நிறுவியிருந்தார். எல்லா வைரஸ்களையும் தவறே இல்லாமல் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை யாராலும் எழுத முடியாது என்பதே அது. ஆக, “எது நூறு சதவீதம் பாதுகாப்பு?” என்ற கேள்விக்கு விடையே இல்லை. “எது குறைவாகத் தவறுகிறது?” என்றுதான் கேட்க முடியும். அதற்கு அளந்து பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை மயக்கம்

1992 மார்ச் 6, ஓவியர் மைக்கலேஞ்சலோவின் பிறந்தநாள். அன்று விழித்துக் கொள்ளும் ஒரு வைரஸ் லட்சக்கணக்கான கணினிகளை அழிக்கப் போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. மென்பொருள் விற்பனை எகிறியது. கடைசியில் பாதிக்கப்பட்டவை ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. பயம்தான் நல்ல விற்பனையாளர் என்பதை எல்லோரும் தெரிந்து கொண்டார்கள்.

அந்தக் காலத்து விளம்பரங்கள் “நாங்கள் இத்தனை ஆயிரம் வைரஸ்களைப் பிடிக்கிறோம்” என்றே பேசின. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சேகரிப்பாளர்களின் பெட்டியில் மட்டுமே இருந்தவை. யார் வீட்டுக் கணினிக்கும் வராத வைரஸைப் பிடித்து என்ன பயன்? இதற்கு விடையாக 1993ல் ஜோ வெல்ஸ் என்பவர் 'வைல்ட்லிஸ்ட்' என்ற பட்டியலைத் தொடங்கினார். உண்மையிலேயே உலகில் உலவும் வைரஸ்கள் மட்டும் அதில் இடம் பெற்றன. 1989 முதல் பிரிட்டனிலிருந்து வெளிவந்த 'வைரஸ் புல்லட்டின்' இதழ், 1998ல் 'விபி100' என்ற சான்றிதழைக் கொண்டு வந்தது. அதற்கு அந்தக் காலத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன: பட்டியலில் உள்ள அத்தனையையும் பிடிக்க வேண்டும். நல்ல கோப்பு ஒன்றைக் கூட வைரஸ் என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது நிபந்தனை சின்ன விஷயம் அல்ல. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்துக் கொண்டது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக் கொண்டே இருந்தன. திருடன் வராமலே வீடு பாழான கதை இது.

புது வைரஸ் செய்யலாமா?

2006ல் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' நுகர்வோர் இதழ், சோதனைக்காகப் பழைய வைரஸ்களை மாற்றி சுமார் 5,500 புதிய வடிவங்களை உருவாக்கச் செய்தது. “சோதனைக்காகக் கூட வைரஸ் செய்வது தவறு” என்று நிறுவனங்கள் கொதித்தன. “தெரிந்த கேள்வியை மட்டும் கேட்டால் அது பரீட்சையா?” என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரேட்டிவ்ஸ் இதற்கு வேறு வழி வைத்திருந்தது. மென்பொருளை ஒரு தேதியோடு அப்டேட் செய்யாமல் நிறுத்தி, அதற்குப் பிறகு வந்த வைரஸ்களை அதன் முன் வைத்தார்கள். புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. சோதனைகளுக்குப் பொதுவான நெறிமுறைகள் வகுக்க 2008ல் 'ஆம்ட்சோ' என்ற அமைப்பும் உருவானது.

மதிப்பெண் சொல்லாதவை

ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என மூன்றுக்கும் தலா 6 வீதம் 18 மதிப்பெண் தருகிறது. 2012ன் இறுதியில் மைக்ரோசாஃப்டின் இலவச மென்பொருள் இதில் சான்றிதழ் பெறத் தவறியது. சில ஆண்டுகளிலேயே விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் முழு மதிப்பெண் வாங்கியது. ஒரு வருடத்து முடிவை வைத்துக் கொண்டு காலத்துக்கும் பேச முடியாது.

2015ல் இன்னொரு பாடம். சீனாவின் கிஹூ 360 நிறுவனம் சோதனைக்கு அனுப்பிய பதிப்பில் பிட்டிஃபெண்டரின் எஞ்சின் இயங்கியது. சீன மக்களுக்குக் கொடுத்த பதிப்பிலோ அது அணைக்கப்பட்டிருந்தது. மேலே சொன்ன மூன்று சோதனை அமைப்புகளும் சேர்ந்து அந்த ஆண்டு கொடுத்த சான்றுகளை ரத்து செய்தன.

மதிப்பெண்ணில் வராத விஷயமும் உண்டு. பயனர்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரத்தைத் துணை நிறுவனம் மூலம் விற்றதற்காக, 2024ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்ட் நிறுவனத்தை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அவாஸ்ட் சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்த பெயர்தான். காவல்காரன் திருடனைப் பிடிப்பானா என்று மட்டும்தான் சோதனைக்கூடம் பார்க்கிறது. அவன் நம் வீட்டுக் கதையை வெளியே பேசுகிறானா என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும்.

அத்தைக்குச் சொன்னது

இரண்டு நாள் கழித்து அத்தைக்குச் சொன்னது இவ்வளவுதான். நட்சத்திர மதிப்பீடுகளை நம்ப வேண்டாம். குறைந்தது இரண்டு சோதனை அமைப்புகளின் ஒரு வருட முடிவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எத்தனை பிடித்தது என்பதோடு எத்தனை முறை பொய் அலாரம் அடித்தது என்றும் பார்க்க வேண்டும். இலவசம் என்றால் அந்த நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். அவசரம் இல்லை, விண்டோஸோடு வந்த டிஃபெண்டரே இப்போதைக்குப் போதும். ஆனால் அப்டேட்டை நிறுத்தக் கூடாது.

“அப்போ ஃபோட்டோ எல்லாம் பத்திரமா இருக்குமா?” என்றார் அத்தை. கோஹனின் கட்டுரை நினைவுக்கு வந்தது. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி அதில் ஒரு நகல் போட்டு வைக்கச் சொன்னேன். வாங்கி விட்டார்களாம்.