ஆதனமும் முதுமையும்

யோகம் என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே, அஃது இளங்காளையர்க்கே உரியதோர் உடல்வித்தை என்று கருதுவார் பலர். முழந்தாள் மடங்காத முதியோர், பதுமாசனத்தில் அமர்ந்து சிவத்தைத் தியானித்தல் இனி இயலாதென்று உள்ளந் தளர்ந்து, அந்நெறியை அறவே கைவிடுதலும் உண்டு. இக்கருத்துப் பொருந்துமா என்பதனை யோக வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பதஞ்சலியார் ஆசனத்திற்குக் கூறிய இலக்கணம் நிலைபேறும் இன்பமும் என்னும் இரண்டே. இன்ன வடிவே வேண்டுமென்று அவர் சூத்திரத்தில் விதித்திலர். திருமூலர், திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகம் உரைக்குமிடத்து, பங்கயம் வீரம் முதலியவற்றோடு சுகாதனத்தையும் ஒருங்கு வைத்தோதினார். இறைவன் கோயில் கொண்ட இடமாதலின் உடம்பைப் பேணல் வேண்டும் என்பதும் அவர் துணிபு. ஆகலின், உடம்பை வருத்திச் சிதைத்தல் அந்நெறிக்கு உடன்பாடன்று.

அற்றேல், இக்காலத்தில் யோகம் கடும்பயிற்சியாய் வழங்குதல் என்னை எனின், கூறுதும். திருமலை கிருஷ்ணமாசாரியார் 1933ஆம் ஆண்டு முதல் மைசூர் ஜகன்மோகன அரண்மனையில் இளைஞர்க்குப் பயிற்றிய முறை விரைவும் வன்மையும் உடையது. அது கற்போர்தம் இளமைக்கு ஏற்றது. அவரே 1952இல் சென்னையிற் குடியேறிய பின்னர், வயது, வலிமை, பிணி என்பன நோக்கி ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறாகக் கற்பித்தார். நூறாண்டை அணுகிய முதுமையில் தமக்கே இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையிற் கிடந்தவாறே செய்தற்குரிய பயிற்சிகளை வகுத்துக்கொண்டார். எனவே, முறை மாறியது கற்போர் பொருட்டேயன்றி நெறி மாறியதன்று என்பது பெறப்படும்.

அவர்தம் மாணாக்கரும் மைத்துனருமாகிய பி. கே. எஸ். ஐயங்கார், இளமையிற் பல பிணிகளால் நலிந்தவர். அவர் நாற்காலி, கயிறு, மரக்கட்டை, மடித்த கம்பளம் ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு, உடல் வளையாதார்க்கும் ஆசனம் கைகூடுமாறு செய்தார். 1975இல் புனா நகரில் அவர் நிறுவிய நிலையத்தின் வாயிலாக அம்முறை பல நாடுகளிலும் பரவியது.

ஆசிரியர் இவ்வரலாற்றால் அறியற்பாலது யாதெனின், முதியோரை வடிவத்திற்கு வளையுமாறு வற்புறுத்தாது, வடிவத்தை முதியோர்க்கு இயைய அமைத்தலேயாம். நாற்காலியில் முதுகு நிமிர அமர்வித்து, மூச்சு உள்வரும்போது கைகளை மெல்ல உயர்த்தவும், வெளிச்செல்லும்போது தாழ்த்தவும் பயிற்றுக. மூச்சை வலிந்து அடக்குதலை ஒழிக. நோவு தோன்றின் அவ்வளவில் நிறுத்துக.

கயிலை நோக்கிச் சென்ற திருநாவுக்கரசர், அடிகளும் கைகளும் தேய்ந்தபின் மார்பினால் உந்தினார். அதுவும் இயலாதபோது புரண்டார். அவரை மலையேறி வருகவென இறைவன் வற்புறுத்தினானல்லன். திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி அருளினான். அவயவந் தளர்ந்த அடியார் இருந்த இடத்திற்கே வரும் அருள், நாற்காலியில் அமர்ந்தார் மாட்டும் வாராதொழியுமோ?